ரவூபின் ரிசல்ட்

சிங்கப்பூர் ரத்தப் பரிசோதனைக்கூட வாசலில் ரவூப் பாய் வந்து நிற்பதைப் பார்த்ததும் டெக்னீஷியன் பிரிஜட்டுக்கு அலுப்பாக வந்தது. எய்ட்ஸ் டெஸ்ட் வந்த இந்த இரண்டு வருடங்களில் ரிசல்ட் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. இவரிடம் இதை எப்படிச் சொல்வது?

“என்ன மிஸ், முகமே சரியில்ல? ரிசல்ட் வந்துடுச்சா?”

“உட்காருங்க பாய். டீ குடிக்கிறீங்களா?”

“சிராங்கூன் ரோட்டுக் கடையை வீட்டுக்காரி ஜரீனாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். நேரா சொல்லிடுங்க லா.”

“சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாறவே இல்ல.”

“சொல்லுங்க.”

“நெகட்டிவ், பாய்.”

ரவூபின் முகம் தொங்கிப்போனது.

“அப்போ இந்தப் புது டெஸ்ட் கிட்டும் உதவாதா?”

“உதவாது. உங்களுக்கு இருக்குன்னு எப்பவோ உறுதியாயிடுச்சு. அதையே கண்டுபிடிக்காத கிட்டை நம்பி யார் ரத்தத்தை யாருக்கு ஏத்துறது? திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்.”

“நல்லது. ஆபரேஷன்ல எனக்கு ரத்தம் ஏத்தினப்போ டெஸ்ட்டே கிடையாது. இப்போ டெஸ்ட்டை வச்சுக்கிட்டும் இன்னொருத்தனுக்கு இது வரக் கூடாது.”

அடுத்த கம்பெனியின் கிட்டைச் சோதிக்க, அவராகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார். பிரிஜட் ஊசியை எடுத்தாள்.

“மிஸ், ஜரீனா போன் பண்ணிக் கேட்டா, நெகட்டிவ்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன் பாய்?”

“நம்பிடுவா.”