மூன்று குடும்பத்துக்கு ஒரு கட்டில்

அன்று விடிந்தபோது அந்த மாடி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: கட்டிலை வடிவமைத்த இளம்பரிதி, காய்ச்சலோடு அதில் கிடந்த அவன் மனைவி தேன்மொழி, அடுத்துத் தூங்க வேண்டியவனாக வாசலில் நின்ற பஸ் டிரைவர் மாசிலாமணி.

மூன்று குடும்பங்கள் முறைவைத்துத் தூங்கும் தென்னைநார்க் கட்டில் அது. ஒரு மரம்கூட வெட்டாமல் ஊருக்கே படுக்கை கொடுத்தவன் என்று இளம்பரிதிக்கு விருது தந்தார்கள். வாழ்ந்தும் காட்டுகிறேன் என்று அவன் வீம்பாக இங்கேயே குடிவந்தான்.

"மத்தியானம் வரைக்கும் விடுங்கண்ணே. அவளால எழுந்து நிக்கவே முடியல."

"ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்றேன் சார். தூங்காம மறுபடி வண்டிய எடுத்தா எங்கயாவது கொண்டுபோய்ச் சொருகிடுவேன்."

"அப்ப அவ ஓரமா தரையில படுத்துக்கட்டும்."

"தரை எங்க சார் இருக்கு? இடம் வீணாப் போவுதுன்னு சுவத்துக்குச் சுவர் கட்டில் போட்டது நீங்கதானே?"

தேன்மொழி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "மனுஷனுக்குச் சீக்கு வரும்னு உங்க கணக்குல இல்லையாங்க?"

இளம்பரிதி குனிந்து அவள் தோளைப் பிடித்தான். இருவருமாக அவளைத் தூக்கிவந்து மாடிப்படியில் உட்காரவைத்தார்கள். மாசிலாமணி தன் போர்வையை அவள்மேல் போர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டான்.