ஒரு கன்னாவது நட்டானா?

"அடப்பாவி! ஒரு மரம் விடாம மொட்டையடிச்சிட்டுப் போயிட்டானே!"

கணவர் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் விளையாட்டு. திரையில் அவர் கட்டிய குடிசையைச் சுற்றி வெறும் பொட்டல்.

"யாருங்க வெட்டினது?"

"கூட விளையாடுற எவனோ ஒருத்தன். முதல் நாள் கோடாலிகூட இல்லாம, வெறுங்கையால மரத்தைக் குத்திக் குத்தியே கட்டை சேர்த்தேன். வெட்டின இடத்துல எல்லாம் மறக்காம கன்னு நட்டேன். இந்தத் தறுதலை ஒரு கன்னாவது நட்டானா?"

"விளையாட்டுதானே, விடுங்க."

"எப்படி விடுறது? கேட்க நாதியில்லைன்னு நினைச்சுட்டானா? புகார் குடுத்து அவனை வெளியே தள்ளுறேன் பார்!"

பல்லைக் கடித்தபடி டைப் செய்தார். போன் அடித்தது. அவர் எடுத்திருந்த ரோடு கான்ட்ராக்ட்டின் மேஸ்திரி. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ரோட்டோரம் நாற்பது மரத்தையும் சாய்ச்சாச்சு. பதிலுக்குக் கன்னு நடணும்னு கான்ட்ராக்ட்ல இருக்கே, எப்ப நடறது?"

"கன்னா? குழியில ஜல்லியைக் கொட்டி மூடுய்யா. எவன் வந்து கேட்கப் போறான்?"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"புகார்ல 'ஈவிரக்கமில்லாத பாவி'ன்னு போடலாமா?"

"தாராளமா போடுங்க" என்றேன். "அப்படியே கீழே உங்க பேரையும் போட்டுடுங்க."