எட்வின் வைத்துவிட்டுப் போன சத்தம்

ஒரு ராக் குழுவின் பழைய கீபோர்டுக்குள் சின்ன பேட்டரி ஒன்று இருந்தது. கரண்ட் இல்லாதபோதும் கீபோர்டின் ஞாபகத்தைக் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. கீபோர்டு வாசித்த எட்வின், மழை பெய்த ஒரு மத்தியானம், குமிழ்களைத் திருப்பித் திருப்பி ஒரு புதுச் சத்தத்தை உருவாக்கினார். மாதாகோயில் ஆர்கனும் ரயில் ஊதலும் கலந்த மாதிரி இருந்தது. அதைச் சேமித்துவிட்டுத்தான் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

பிறகு குழு கலைந்தது. கீபோர்டு உறைக்குள் போயிற்று.

"டேய் பொடியா, இன்னும் வச்சிருக்கியா?" என்று கீபோர்டு அடிக்கடி கேட்கும்.

"வச்சிருக்கேண்ணே. மூச்சுதான் வாங்குது."

"விட்டுடாதடா. அவர் வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்குவேன்?"

தலையெல்லாம் நரைத்த பிறகு ஒருநாள் எட்வின் வந்தார். உறையை உருவி, கரண்ட் கொடுத்து, அந்தச் சத்தத்தை எடுத்து வாசித்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

"அடடா, என்ன இரைச்சல்!" என்று சிரித்தபடி ஒரு குமிழைத் திருப்பிக் கொஞ்சம் குறைத்தார். பழசின் மேலேயே புதுசைச் சேமித்தார்.

பேட்டரி காத்துவந்த பழைய சத்தம் அழிந்துபோயிற்று.

"ஐயோ, போச்சேடா! இத்தனை வருஷம் கட்டிக் காத்தியே!" என்று கீபோர்டு அலறியது.

"கத்தாதீங்கண்ணே," என்றது பேட்டரி. "அவர் வாசிக்கிறார்."