மேனேஜரின் தோள்

"உண்மை எப்பவுமே தோலுக்கு அடியிலதான் இருக்கும். அதைப் பார்க்கிற கண்ணு இந்த ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு," என்றார் கால்நடை டாக்டர், புது அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தட்டிக் கொடுத்தபடி.

மெஷின் அணைந்துபோனது. பிளக் சரியாகச் செருகப்படவில்லை. குனிந்து செருகிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்தார்.

மேசையில் படுத்திருந்த நாயின் பெயர் மேனேஜர். கண் தெரியாத தன் எஜமானரைக் காலையில் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், மாலையில் பத்திரமாக வீட்டில் சேர்ப்பது அதன் உத்தியோகம். சில நாட்களாக இடது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டியது. இப்போது இரண்டு தோள்களிலும் முடியை மழித்து ஜெல் வேறு தடவியதில், அதன் கௌரவத்துக்கும் அடி விழுந்திருந்தது.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லாருக்குன்னுட்டாங்க டாக்டர். நொண்டுறதுதான் நிக்கல," என்றாள் எஜமானரின் மனைவி.

"எக்ஸ்ரேக்கு எலும்பை விட்டா என்னம்மா தெரியும்? ஜவ்வு, தசையெல்லாம் இதுலதான் தெரியும்."

இரண்டு தோள்களையும் படம் பிடித்துவிட்டு, பக்கத்து அறையின் பெரிய திரைமுன் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தார். முதல் படத்தைத் திறந்தார்.

"நான் பயந்தது சரியாப் போச்சு. தோள் ஜவ்வு பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன்தான். இனிமே இவன் வேலைக்கு லாயக்கில்ல."

கணவர் டாக்டரின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"வேற நாய் கிடைக்கும் சார். ஆனா இவனை விட்டுட்டு நான் எப்படிக் கிளம்புறது? கதவுகிட்டயே உக்காந்திருப்பானே."

"மனசைத் தேத்திக்குங்க. இவ்வளவு மோசமான தோளை என் அனுபவத்துல பார்த்ததில்ல. எல்லாம் அலட்சியம். வலியோடயே ஆட்டம் போட்டா இப்படித்தான். வயசுக்கேத்த அடக்கம் வேணும்."

"இவனா ஆட்டம் போடுவான்?" மனைவிக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுக்காரரைவிட இவனுக்குத்தான் டாக்டர் பொறுப்பு ஜாஸ்தி."

"உண்மைதான்," என்றார் கணவர்.

"சரி, நல்ல தோள் எப்படி இருக்கும்? அதையும் காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

டாக்டர் அடுத்த படத்தைத் திறந்தார். அதற்கடுத்ததையும் திறந்தார்.

"தோள் ரெண்டுதானே டாக்டர். படம் மூணு இருக்கே?"

டாக்டர் திரைக்கு மிக அருகில் போனார். முதல் படத்தின் ஓரத்தில் பதிவாகியிருந்த நேரத்தை உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரிய முடிவை ஒரு தடவை பார்த்துட்டு எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மறுபடியும் எடுத்துடலாம்."

இந்த முறை மேசையருகே குனிந்து நின்று, மெஷினின் திரையிலேயே பார்த்தார்.

"லேசான வீக்கம். ஜவ்வைச் சுத்திக் கொஞ்சம் நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். மருந்து தரேன். சில வாரம் ஓய்வு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க. வேலைக்குத் திரும்பிடுவான்."

"அப்போ அந்தக் கிழிசல்?"

"இவனுக்கு இல்ல."

கணவரின் கை துழாவிக்கொண்டே போய் நாயின் தலையைத் தொட்டது. "மேனேஜர், உனக்கு மெடிக்கல் லீவுடா. ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

வால் அடித்த அடியில் ஜெல் பாட்டில் கீழே விழுந்தது.

"மறுபடி பார்க்கணும்னு எத்தனை பேருக்குத் தோணும்? உங்க மனசு யாருக்கும் வராது டாக்டர்," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டாக்டர் பாராட்டை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அவர்கள் போனதும், எலும்பு டாக்டர் ஒருவருக்குப் போன் செய்து அன்று மாலையே நேரம் கேட்டார். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, டென்னிஸ் ஆடி வலித்துக்கொண்டிருந்த தன் தோளைத்தான் காலையில் அவர் முதலில் படம் பிடித்திருந்தார்.