இரண்டு ஸ்பூன்

பல் துலக்கி, பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, தயாளன் உப்பு கரைத்த தண்ணீரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான். போன மாதம் இறந்த மனைவி இளவேனியின் பன்னிரண்டு நெல்தொட்டிகள் அங்கே இருந்தன. உப்பைத் தாங்கும் நெல்லுக்காக, தலைமுறைக்குத் தலைமுறை உப்பைக் கூட்டி, பிழைத்த பயிரிலிருந்து மட்டும் அவள் விதை எடுப்பாள். இது ஏழாவது தலைமுறை. அவள் நோட்டில் இருந்த 'இரண்டு ஸ்பூன்' சின்ன ஸ்பூன் என்பது, பெரிய ஸ்பூனால் அள்ளி அள்ளிப் பதினொரு தொட்டிகளைக் கருக்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதே உப்பில் பன்னிரண்டாவது தொட்டி மட்டும் கதிர் விட்டிருந்தது.

கீழே மாமியார், துக்கம் கேட்க வந்தவளிடம், "சாகப்போற நேரத்துலயும் புருஷனோட சமையல் நெனப்புதான்டி எம்பொண்ணுக்கு," என்று அழுதுகொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும்போது இளவேனி கேட்டது ஒன்றுதான்.

"உப்பு போட்டியா, தயா?"