டாக்டர் அசெனுக்குக் கண்ணீர் அஞ்சலி

சோபியா நகரில் ஒரு டிவி நிலையத்தின் வாசல் கதவில், கறுப்புக் கட்டம் போட்ட கண்ணீர் அஞ்சலித் தாளை ரும்யானா ஒட்டிக்கொண்டிருந்தாள். காவலாளி போகோமில் ஓடிவந்தார்.

"ஏம்மா, இவரு நாடகத்துல வர்ற டாக்டர்! நேத்து எபிசோட்ல செத்ததுக்கா இது?"

"ஆறு வருஷமா ஊரே பார்த்த மனுஷன். செத்தா அஞ்சலி ஒட்ட வேண்டாமா?"

"என் பொண்டாட்டியும்தான் அழுதா, ராத்திரி சூப்பைத் தொடவே இல்ல. அதுக்காக இங்க ஒட்டுவீங்களா? கிழிங்க, என் வேலைக்கு உலை வைக்காதீங்க."

"மாட்டேன்."

"நல்ல பிடிவாதம்! போய் அந்தக் கதைய எழுதினவன் வீட்டுக் கதவுல ஒட்டுங்க. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சாச்சு. ஆறு வருஷமா வீட்டிலேர்ந்து எழுதி அனுப்புறது நான்தான்."

ரும்யானா தாளின் கீழ் மூலையை அழுத்தித் தேய்த்தாள்.

"விளம்பரம் குடுக்கிற மருந்து கம்பெனிய என் டாக்டர் கேள்வி கேட்டார். கொன்னுடுன்னு உங்க முதலாளி சொன்னார், கொன்னேன். இந்த டிவிக்கு நான் எழுதுற கடைசி எழுத்து இதுதான். போய்ச் சொல்லுங்க."

போகோமில் முதலாளியின் மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"டேப்பைக் குடுங்கம்மா. மேல் மூலை சரியா ஒட்டல."