வாணலியோடு ஒரு நேர்காணல்

படிக்கத் தனியாக நேரம் ஏது? செண்பகா மொழிப்பாடம் ஒலிக்கும் காதுப்பொத்தானை மாட்டிக்கொண்டு, காய் நறுக்கும்போது மாண்டரினும், துணி துவைக்கும்போது ஜப்பானியமும், பாத்திரம் தேய்க்கும்போது கொரிய மொழியும் கற்றாள். மூன்றும் வந்துவிட்டன. ஒரே தொல்லை, கை அந்தந்த வேலையில் இருந்தால்தான் அந்தந்த மொழி புரியும், பேசவும் வரும்.

ஆகவே ஒரகடத்துக் கொரியக் கம்பெனி நேர்காணலுக்குக் கரிபிடித்த வாணலியோடு போனாள். மேலாளர் கேட்கக் கேட்க, தேய்த்தபடியே பதில் சொன்னாள். வாணலி பளபளத்தது, வேலையும் கிடைத்தது.

வீட்டில் கணவன் தணிகாசலம் பொருமினான். "நானுந்தான் அதே பொத்தான மாட்டிக்கிட்டுத் திரியறேன். எனக்கு ஒரு எழவும் வரலியே!"

குளியலறை வாசலில் உட்கார்ந்து அவன் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த செண்பகா கேட்டாள்: "மாட்டிக்கிட்டு என்ன வேல பாத்தீங்க?"

"சோபால படுத்திருந்தேன்."

"அப்பப் படுத்துத்தான் பாருங்களேன்."

படுத்தான். காலைத் தூக்கிக் கைப்பிடியில் போட்டதும் சுத்தமான ஜப்பானியம் பொழிந்தது: "நீ வேலைக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு யார் போடுவது?"

செண்பகா சட்டையை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குமேல் அவன் பேசியது ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை.